அம்மாவின் நம்பருக்கு வந்த வீடியோ கால்

என் வாயாடி அம்மாவுக்கு,

பிறந்ததிலிருந்து காது கேட்காமல், ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வாழ்ந்துவிட்டுப் போன உன்னை வாயாடி என்று கூப்பிட இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் உரிமை உண்டு. உன் கை ஓய்ந்து நான் பார்த்ததே இல்லை. வலது கையால் சோறு பிசைந்துகொண்டே இடது கையால் பக்கத்து வீட்டு வம்பைச் சொல்லி முடித்துவிடுவாய். உனக்கு எழுத்து தெரியாது, இதை நீ படிக்கப்போவதும் இல்லை. ஆனாலும் உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. ஊரும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுத்தில் சொல்கிறேன்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு வீட்டில் ஒரு பஞ்சாயத்து ஆரம்பித்தது. உன் போனை என்ன செய்வது என்று. அப்பாவின் அக்காதான் முதலில் வாயைத் திறந்தது. "செத்தவங்க போனு எதுக்குடா தம்பி வூட்ல? அதுல அவ மொகத்தப் பாத்தாலே எனக்கு ஈரக்கொல நடுங்குது. அந்த நம்பர நிறுத்திப் போடு."

நானும் அத்தை பக்கம்தான் நின்றேன், அம்மா. குடும்ப குரூப்பைத் திறந்தால் மஞ்சள் சேலையில் உன் சின்னப் படம் தெரியும், உடனே மூடிவிடுவேன். அதற்குப் பயந்தே நிறுத்திவிடலாம் என்றேன். அப்பா எழுந்து போய் உன் போனைச் சார்ஜில் போட்டார்.

அந்த நம்பரை நிறுத்தாமல் விட்டது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன்னால் உன்னைத் தெரியாதவர்களுக்கு உன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நான் ஓசூர் கம்பெனிக்கு வேலைக்குப் போன புதிதில், அப்பாவின் பழைய பட்டன் போனுக்குத்தான் கூப்பிடுவேன். நீ அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, கையால் என்னென்னவோ சொல்வாயாம். அவர் அத்தனையையும் பார்த்துவிட்டு, "அம்மா நல்லாருக்கா" என்று என்னிடம் இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார். அவருக்குத் தெரிந்த சைகை மொத்தம் ஐந்து. சோறு, தண்ணீர், மாடு, பஸ், வா. அந்த ஐந்தை வைத்துக்கொண்டே உன்னோடு அத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவர் அவர். நீ அதற்காக ஒரு நாளாவது அவரைக் குறை சொன்னாயா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை.

அதனால்தான் இரண்டாவது வருஷம் உனக்கு ஒரு டச் போன் வாங்கி வந்தேன். நீ அதை வாங்கியதும் காதில் வைத்துக்கொண்டாய். போன் என்றால் எல்லோரும் காதில்தானே வைக்கிறார்கள். ஐந்து நிமிஷம் தலையை ஆட்டிக்கொண்டு பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்திருந்தாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன், என்ன சிரிப்பு என்று என் முதுகில் ஒன்று வைத்தாய்.

உனக்குப் பேச இரண்டு கையும் வேண்டும். போனைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? முதல் மாதம் முழுக்க உன் நெற்றியையும் மோட்டு ஓடுகளையும்தான் பார்த்தேன். பிறகு புளி டப்பாமேல் சாய்த்து வைக்கக் கற்றுக்கொண்டாய். அதற்கப்புறம் உன்னைப் பிடிக்க முடியவில்லை. கன்று போட்டது, குச்சிக்கிழங்கு விலை இறங்கியது, நான் இளைத்துப் போனது, எல்லாம் அன்றன்றைக்கு வந்துவிடும். சண்டை வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாய். அதற்கு மேல் நான் இங்கிருந்து என்ன கத்தினாலும் உனக்கு நஷ்டமில்லை.

குடும்ப குரூப்பில் நீ செய்த கூத்தையும் சொல்லத்தான் வேண்டும். அத்தை வீட்டு மாமா கண்டக்டர் வேலையிலிருந்து ரிட்டயர் ஆன அன்று, மாலையும் கழுத்துமாக அவர் போட்டோவைக் குரூப்பில் போட்டிருந்தார்கள். கீழே எழுதியிருந்ததை நீ எப்படிப் படிப்பாய்? மாலையைப் பார்த்தாய், மாமா போய்விட்டார் என்று முடிவு கட்டினாய். வரிசையாக இருபது அழுகை முகங்களை அனுப்பிவிட்டு, கடத்தூரில் ஒரு ரோஜா மாலையை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய் இறங்கினாய். அங்கே பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். மாமா நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டே அந்த மாலையையும் வாங்கிப் போட்டுக்கொண்டார். அத்தைதான் ஆறு மாதம் உன் பக்கம் திரும்பவில்லை.

உன் சொந்தக் குரூப் வேறு ஒன்று இருந்தது. உதவித்தொகை முகாமுக்குத் தர்மபுரி போன இடத்தில் உன்னைப் போலவே காது கேட்காத ஆறு பெண்களைப் பார்த்தாய். உங்கள் ஏழு பேருக்கும் ஒரு குரூப். முக்கால்வாசிப் பேருக்கு எழுத்து தெரியாததால் குரூப்புக்குப் பெயரே கிடையாது, ஒரு கை படம் மட்டும். ஆளாளுக்கு வீட்டில் வைத்திருந்த சைகை வேறு வேறாக இருந்ததையும், ஒன்றையொன்று கற்றுக்கொள்ள நீங்கள் பட்ட பாட்டையும் நான் அறிவேன். ஊரில் உன்னை எல்லோரும் ஊமச்சி என்பார்கள். மாதம்மாள் என்ற பெயர் ரேஷன் கார்டில் தூங்கியது. அந்தப் பெண்கள்தான் மூக்குத்தியைத் தொட்டுக் கையை விரித்தால் அது நீ என்று உனக்கொரு பெயர் வைத்தார்கள். உன் பெயரை நீயே சொல்லி எனக்குக் காட்டிய அன்று, கம்பெனி கேன்டீனில் உட்கார்ந்து நான் அழுதேன். பெருமையில் வந்த அழுகை அது.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, பேங்க், தாலுகா ஆபீஸ் என்று அவர்களுக்கு எங்கே எது தடங்கல் என்றாலும் உனக்குத்தான் கால் வரும். நீ பஸ் ஏறிப் போய், அங்கிருந்து என்னைக் கூப்பிட்டு, போனை டாக்டர் முகத்துக்கு நேராக நீட்டுவாய். நான் சாப்பாட்டு நேரத்தில் இங்கிருந்து வாயாலும் கையாலும் மாறி மாறிப் பேசுவேன். வீடியோவை முடிக்கும்போதெல்லாம் நெஞ்சில் இரண்டு தரம் தட்டிக் காட்டுவாய். நான் இருக்கிறேன் என்று அர்த்தம்.

ஒரு நாள் காலையில் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தாய். அவ்வளவுதான், அந்த நெஞ்சு நின்றுவிட்டது.

நீ போன பிறகு அப்பா உன் போனும் கையுமாகவே இருந்தார். பொங்கல் லீவுக்கு வந்தபோது பார்த்தேன், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து, நீ குரூப்புக்கு அனுப்பிய பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார். துக்கத்தில் பார்க்கிறார் என்று விட்டுவிட்டேன். அப்புறம்தான் கூப்பிட்டார்.

"பாப்பா, ரெண்டு கையையும் இடுப்புக்கிட்ட வெச்சுச் சக்கரம் மாதிரி சுத்தறாளே, அது என்னா?"

"அது ரயிலுப்பா. நம்ம பக்கம் ரயிலு நிக்கற ஊரு பொம்மிடிதான, அங்க போறன்னு சொல்லுது அம்மா."

அவரும் கையைச் சுற்றிப் பார்த்தார். "இவ்ளோ பேசியிருக்கறா பாரு. நான் பக்கத்துலயே இருந்து ஒண்ணுங் கேக்காம உட்டுட்டன்," என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது சேதிக்கு வருகிறேன். உன் குரூப்பில் உன் செல்லமான ராஜாத்தி மாசமாக இருந்தது உனக்குத் தெரியும். புருஷன் வீடு கடத்தூர்ப் பக்கம், நிறை மாதத்தில் பிரசவத்துக்குப் போயிருந்த அம்மா வீடு பொம்மிடி. அவள் புருஷனுக்கும் காது கேட்காது. போன மாதம் ஒரு நாள், அம்மாக்காரி சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் ராஜாத்திக்கு வலி கண்டுவிட்டது. பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால் பேச அவளுக்கு வாய் இல்லை. அவள் போனைத் திறந்து உன் படத்தை அழுத்தியிருக்கிறாள். உன் சாவுக்கு வந்து உன் காலைப் பிடித்து அழுதவள்தான். கேட்டால், கை தானாகப் போனது என்கிறாள்.

அப்பா அப்போது கொல்லை நிலத்தில் கிழங்குக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார். உன் போன் அவர் சட்டைப்பையில் அதிர்ந்திருக்கிறது. மிச்சத்தை அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

"அந்தப் புள்ளதான் கூப்புடுது பாப்பா. வயித்தக் காட்டுது, போன கீழ உடுது, மறுபடி எடுக்குது. வலின்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா எங்க இருக்குதுன்னு தெரியல. நான் புருசன் வூட்லதான் இருக்கும்னு நெனச்சன். அப்பறம் பாத்தா ஒரு கைய இடுப்புல வெச்சுச் சுத்துது. ரயிலு. அப்ப பொம்மிடின்னு புடிச்சிக்கிட்டன்."

ஒரு கையில் உன் போன், இன்னொரு கையில் அவர் போன். ஆம்புலன்ஸ்காரர்கள் எங்கே என்று கேட்டதும், "பொம்மிடி ஸ்டேசனுக்குப் பின்னாலங்க, வேப்பமரத்துக்கிட்ட தகரக் கதவு போட்ட வூடு. என் சம்சாரத்த ஒருக்கா வண்டில கொண்டுபோயி உட்டிருக்கனுங்க," என்று சொல்லியிருக்கிறார். கடத்தூர் என்று சொல்லியிருந்தால் வண்டி எந்தப் பக்கமோ போயிருக்கும்.

வண்டி வந்து சேரும்வரை அவர் வீடியோவைக் கட் பண்ணவில்லை, அம்மா. உன் போனை வரப்பில் மண்வெட்டிமேல் சாய்த்து வைத்து, எதிரே குந்திக்கொண்டு, தெரிந்ததையெல்லாம் திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கிறார். ஆம்புலன்ஸுக்குச் சைகை தெரியாததால் ஸ்டியரிங் பிடித்துக் காட்டி, பஸ் வருது, பஸ் வருது என்றாராம். தண்ணீர் குடி என்றாராம். வேறொன்றும் தெரியாதபோது உன்னை மாதிரியே நெஞ்சில் இரண்டு தரம் தட்டினாராம். அந்தப் பஸ் சைகையைப் பார்த்து அந்த வலியிலும் தனக்குச் சிரிப்பு வந்ததாக ராஜாத்தி என்னிடம் செய்து காட்டினாள்.

பெண் குழந்தை. கொடி சுற்றியிருந்ததாம், நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று நர்ஸம்மா சொன்னார்கள். இரண்டு பேரும் சுகம். குழந்தையைப் பார்க்க அத்தையும் வந்தது. மடியில் போட்டுக் கொஞ்சிவிட்டு, போகும்போது அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "டேய் தம்பி, அந்தப் போனுக்கு ரீசார்ஜு எப்ப முடியுதுன்னு பாத்துக்கடா," என்றது. நான் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.

இப்போது உன் குரூப்பில் அப்பாவும் இருக்கிறார். ஆறு பெண்களும் தினம் ஒரு சைகை அனுப்பி அவரைப் பாடாய்ப் படுத்துகிறார்கள். மண்வெட்டி பிடித்த விரல் மடங்க மாட்டேன் என்கிறது, மாமியாரைச் சொல்லப் போய் எருமையைச் சொல்லிவிடுகிறார். உனக்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும். இதையெல்லாம் நீ இருந்தபோதே செய்திருக்கக் கூடாதா என்று ஒரு நாள் அவர்மேல் கோபம்கூட வந்தது. அப்புறம் அந்தக் கேள்வி என் பக்கமே திரும்பியது.

உன்னிடம் சொல்லாத ஒன்று என்னிடமும் இருக்கிறது, அம்மா. ஓசூரில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது இரண்டு மூன்று தடவை உன் கால் வந்தது. பக்கத்தில் கம்பெனிப் பெண்கள் நின்றார்கள். கையை ஆட்டிப் பேசினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று கட் பண்ணிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டேன். டவர் இல்லை என்று அப்புறம் உன்னிடம் சொன்னேன். நீ சரி என்று தலையை ஆட்டினாய். நம்பினாயா?

போன வாரம் அதே பஸ்ஸில், அதே நேரத்தில் உன் நம்பரிலிருந்து கால் வந்தது. எடுத்தேன். அப்பா. வாய் பேசத் தெரிந்த மனுஷர் வாயைத் திறக்காமல், போனை எதன்மேலோ சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கையாலும் சாப்பிட்டாயா என்று கேட்டார். நான் கம்பியை விட்டுவிட்டு, சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம், "கொஞ்சம் இதப் புடிச்சுக்கங்க," என்று போனைக் கொடுத்தேன். கம்பெனிப் பெண்கள் உட்பட பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று இரண்டு கையாலும் பதில் சொன்னேன்.

பேசி முடித்ததும் அந்த அம்மா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "யாருங்க அவரு, வாய் பேச வராதா?" என்று கேட்டார்.

"எங்கப்பாங்க. நல்லா பேசுவாரு. இது எங்கம்மா பாஷ."

இனி அந்த நம்பரிலிருந்து வரும் எந்தக் காலையும், எந்தக் கூட்டத்தில் நின்றாலும் கட் பண்ண மாட்டேன். இது சத்தியம், அம்மா.

உன் கை வளர்த்த மகள்,
செல்வி