கள்ளிமுளையான் பாத்தி

மே 7, செவ்வாய்
எட்டு மணிக்கே மண்டை பிளக்கிற வெயில். நகராட்சித் தாவரப் பூங்காவில் எங்கள் குழுவின் முறை. களை, சருகு, பெயர்ப்பலகை துடைப்பு. வந்த தொண்டர்கள் ஏழு பேர். வேலை செய்தவர்கள் மூன்று. மற்றவர்கள் யோசனை சொன்னார்கள். டெலிபோன் ஆபீசுக்கு இருபது நிமிடம் லேட்.

என் மூலைப் பாத்திக்கு 18ஆம் தேதி வரை கெடு. எங்கள் குழுத் தலைவர் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. அவருக்கு அங்கே ரோஜா வேண்டும். "காஞ்ச குச்சியப் பாக்கவா சனம் வரும்?" 18ஆம் தேதி பூங்கா விழாவுக்குக் கமிஷனர் வரும்போது செடி உயிரோடிருந்தால் பாத்தி இருக்கட்டும் என்றார். பெரிய மனசு.

இரண்டு வருடம் மனு எழுதி வாங்கிய இடம். கரிசலைத் தோண்டிப் போட்டுவிட்டு ஓடைமணலும் சரளையும் நிரப்பியது நான். கள்ளிமுளையான், பன்னிரண்டு தூர். நம் காட்டில் தானாக முளைக்கிற, இலையில்லாத சதைத்தண்டுச் செடி. ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தந்தவர் புதூர்ப் பக்கம் ஆடு மேய்க்கும் சுடலைமுத்து. "கோடையில தண்ணி ஊத்திராதிய தாயி. வாடித்தான் கெடக்கும், சாவாது. ஊத்துனா அழுகிரும்." பலகை நட்டேன். சிவப்பு எழுத்தில்: தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மே 10, வெள்ளி
வெக்கை. வீட்டுக் குழாயில் ஒன்பதாம் நாளாக வெறும் காற்று. அரை வாளியில் குளியல். மாலையில் தனியாகப் பூங்காவுக்கு. தண்டெல்லாம் சுருங்கிச் சாம்பல் நிறம். இப்படித்தான் இருக்க வேண்டும்.
வாங்க: கத்தரி, கையுறை, தலைவலி மாத்திரை.

மே 14, செவ்வாய்
மூன்று தூர் சாய்ந்துவிட்டது. அடியில் கொழகொழ. நாற்றம். மழை இல்லை, ஆனால் மண்ணில் ஈரம். யாரோ ஊற்றியிருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த மடையர்கள்.
கேட்டேன். ஆளுக்கொரு பக்கம் களை பிடுங்கக் குனிந்தார்கள்.

மே 16, வியாழன்
விழாவுக்காகக் கூடுதல் வேலை நாள். ஒன்பது தூர் போச்சு. பேச்சியம்மாள் தானாக வந்து சொன்னாள். தலைவரின் தீப்பெட்டி ஆபீசிலேயே கூலிக்குக் குச்சி அடுக்குகிறவள். குழுவில் உருப்படியாக வேலை செய்கிற மூன்று பேரில் ஒருத்தி.

"பாக்கப் பாவமா இருந்துச்சுக்கா. வீட்டுக் குடத்துல இருந்து ஒரு செம்பு கொண்டாந்து ஊத்துனேன். ஒரே நாளுதான்."

"ஏட்டி, பலகையில என்ன எழுதியிருக்கு? கண்ணு அவிஞ்சா போச்சு?"

எல்லோர் முன்னாலும் கேட்டேன். நிறுத்த முடியவில்லை, இன்னும் என்னென்னவோ சொன்னேன். "தப்புதாங்க்கா" என்றாள். மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

"மேடம் படிச்சுப் படிச்சுச் சொன்னாவல்லா" என்றார் பேங்க்கில் ரிட்டயர் ஆன அண்ணாச்சி. மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

மே 18, சனி
கமிஷனர் வரவில்லை. சால்வை தலைவருக்கே. ரோஜாச் செடிகள் காலையிலேயே வேனில் வந்து நின்றன. பன்னிரண்டும் அழுகல். பாத்தியை நானே தோண்டிக் கொடுத்தேன்.

முழங்கை ஆழம் வரை ஈரம். ஒரு செம்புத் தண்ணீர் அவ்வளவு இறங்காது.

நான் மண்ணைப் பிசைந்து பார்ப்பதைக் கவனித்த பேங்க் அண்ணாச்சி பக்கத்தில் குனிந்தார். "நானும் ரெண்டு நா லேசாத் தெளிச்சேன் மேடம். வெளிய சொல்லிராதிய." டைலர் கடை அக்காவும் ஒரு பாட்டிலாம். கேட்டால் எல்லோருமே ஊற்றியிருப்பார்கள். தண்ணீர் கிடைக்காத ஊரில் காய்ந்ததைக் கண்டால் கை சும்மா இருக்காது. ஆளுக்கொரு செம்பு தர்மம்.

பேச்சியம்மாள் வரவில்லை. தலைவர் பெயர்ப்பட்டியலில் அவளை அடித்துவிட்டார். "இந்த மாதிரி ஆளச் சேத்தா இப்படித்தான். திங்கக்கிழமை ஆபீஸ்ல வச்சு அவளக் கேக்கேன்" என்றார். பேங்க் அண்ணாச்சி தரையைப் பார்த்தார். நான் ரோஜாவுக்குக் குழி எடுத்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை மாலை என் தண்ணீர் பாட்டிலில் பாதி மிச்சமிருந்தது. சுற்றிலும் யாரும் இல்லை. சுடலைமுத்து சொன்னது ஞாபகம் இருந்தது. ஊற்றினேன். இந்த நோட்டில்கூட எழுதவில்லை.