பிரிவுக்கு இரண்டு சொல்

கொட்டாஞ்சேனை,
14.08.1998

அன்பின் இஞ்சாருங்கோவுக்கு,

அந்தோனியார் புண்ணியத்தில் நான் சுகம். நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க அவரைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்களிடம் வர விசா கிடைத்துவிட்டது! அதை முதலில் சொல்லிவிட்டேன், இனி ஆறுதலாக வாசியுங்கள். கிடைக்காமற் போகப் பார்த்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள்.

வெள்ளவத்தை மேபல் அக்கா எனக்கு ஆங்கிலம் சொல்லித் தந்தது உங்களுக்குத் தெரியும். நாம் வேறு வேறு இடத்தில் இருப்பதைச் சொல்ல ‘அபாட்’ என்ற சொல் போதும் என்று படித்துப் படித்துச் சொன்னார். எனக்கென்னவோ அது அடுக்குமாடி வீட்டின் பெயர் போலக் கேட்டது. பிரிந்திருப்பதற்கு ‘செப்பறேற்றட்’ என்று இன்னொரு சொல் கேள்விப்பட்டிருந்தேன். நீளமான சொல், படித்தவள் என்று நினைப்பார்கள் என்று அதை மனதில் வைத்துக்கொண்டேன்.

நேர்முகத்துக்குப் போகும் வழியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். எங்கே போகிறாய் என்று ஆமிக்காரன் கேட்டதற்குச் சிங்களத்தில் தடக்காமல் பதில் சொன்னேன். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். அந்தத் துணிச்சலில், மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று விசா அதிகாரி கேட்டபோது, வேண்டாம் என்றுவிட்டேன்.

கணவரோடு எப்படி இருக்கிறீர்கள் என்று அந்த வெள்ளைக்காரர் கேட்டார். நாலு வருடமாக செப்பறேற்றட் என்றேன். பேனையை வைத்துவிட்டு, சட்டப்படியா என்றார். நம்முடைய கல்யாணத்தைத்தான் கேட்கிறாராக்கும் என்று, ‘யெஸ், லீகலி!’ என்று நிமிர்ந்திருந்து சொன்னேன். அப்படியானால் ஏன் அவரிடம் போகிறீர்கள் என்றார். அன்பினால் என்றேன். மனிதர் பாவம், திகைத்துப்போய் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டார்.

வந்தவர் தாஸிம் என்று ஒரு வயதான முஸ்லிம் ஐயா. “தங்கச்சி, மாப்புளயோட கோவிச்சிக்கிட்டு கோட்டுல பிரிஞ்சிட்டீங்களாண்டு தொர கேக்குறார்” என்றார். “ஐயோ, இல்லை! கோவிக்கிறதுக்கும் ஆள் பக்கத்தில இருக்கவேணுமே” என்றேன். அவர் அதை ஆங்கிலத்தில் சொல்ல, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆனால் சிரித்து முடிந்ததும் அதிகாரி இன்னொன்று கேட்டார். உங்கள் கணவர் உங்களுக்காகக் காத்திருக்கிறார் என்று எப்படித் தெரியும் என்று. இரண்டு மாதமாக உங்கள் கடிதம் இல்லையே. பிறகுதான் நீங்கள் கடைசியாகப் போன் எடுத்தது நினைவுக்கு வந்தது. குசினி ஜன்னல் கொளுக்கி திருத்தியாச்சோ, திறந்துபோட்டுப் படுக்காதை என்றீர்களே, அதைச் சொன்னேன். வேண்டாத பெண்சாதியின் ஜன்னலை ஒரு மனிதன் அவ்வளவு தூரத்திலிருந்து நினைப்பானா என்றும் கேட்டேன். அதிகாரி அதை எழுதிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை பாஸ்போட் விசாவோடு வந்தது.

மேபல் அக்காவுக்குச் சொன்னபோது சிரிப்பில் தேத்தண்ணி புரையேறிவிட்டது. வத்தளையில் உங்கள் அக்கா வீட்டில் எல்லோரும் நலம். போன கிழமை வீட்டுச் சோதனைக்கு வந்த ஆமிக்காரர்கள் அலுமாரியைக் கிளறிவிட்டுப் போனார்களாம், வேறொன்றும் இல்லை. உங்களுக்கு மாசிக்கருவாட்டுத் தூள் போடாத சம்பலா, போட்டதா என்னிடம் தந்துவிட என்று உங்கள் அக்கா கேட்டு எழுதச் சொன்னார்.

அடுத்த மாதம் பதினேழாம் திகதி வந்து இறங்குவேன். நீங்கள் போனில் வரவரக் குறைவாகத்தான் கதைக்கிறீர்கள். வேலைக் களைப்பாக இருக்கும். விமான நிலையத்துக்கு மட்டும் சிநேகிதர் யாரையும் அனுப்பிவிடாதேயுங்கோ. மெலிந்துபோயிருந்தாலும் சரி, தலைமயிர் கொட்டியிருந்தாலும் சரி, நீங்களே வந்து நில்லுங்கோ. எனக்கு முன்பக்கம் நரைத்துவிட்டது. சனத்துக்குள் தேடும்போது அதையும் நினைவில் வைத்துப் பாருங்கோ.

தேவன் உங்களைக் காக்கட்டும்.

உங்களுடைய,
மரியகொறற்றி