மங்குக் கம்பி போட்ட கார்

3-10-78, செவ்வாய். சுங்கை பட்டாணி.

விடியலிலிருந்து மழை. கார் மறுபடியும் அடங்க மறுக்கிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் எஞ்சின் அலறல். பள்ளி வாசலில் சாவியைத் திருப்பித்தான் அணைக்க முடிந்தது. காவற்காரர்: "சார் காடிக்கு இன்னிக்கும் கோவம்லா."

அறிகுறிகள்:
குளிர்ந்திருந்தால் நின்று நின்று போகிறது.
ஐந்தாறு மைல் ஓடிச் சூடேறினால் ஐடிலிங், பெடலைத் தொடாதபோது ஓடும் வேகம், இரு மடங்கு.
பெடலின் அடியில் கால் நுனியைக் கொடுத்து மேலே தூக்கினால் சில வேளை இறங்குகிறது.
ஆறு மாதமாக ஐடிலிங் திருகைத் தளர்த்திக்கொண்டே வந்தேன். இனித் தளர்த்த இடமில்லை.

வெள்ளிக்குள் சரியாக வேண்டும். இந்த மாநிலத்தில் வார விடுமுறை அன்றுதான், பள்ளி இல்லை. கரங்கானுக்கு அப்பால், மருமகன் கிராணியாக, கணக்கெழுதுபவனாக, இருக்கும் ரப்பர் தோட்டத்திற்குப் போய் மகள் ரீத்தாவை அழைத்துவர வேண்டும். ஏறத்தாழ முப்பது மைல். டாக்சி வேண்டாம். டாக்சிக்காரன் காதில் விழுந்தது ஞாயிறு பூசைக்குள் கோவில் முழுவதும் பரவும்.

தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர் எழுதிய கடிதம் நேற்று வந்தது. நல்ல மனிதர், தம் பெயரைப் போடவில்லை. ஜனவரியில் உதடு, மூன்று தையல். மேயில் விலா. போன வாரம் இடது மணிக்கட்டு முறிவு, ரோத்தான் பிரம்பால். "கொல்லையில் வழுக்கி விழுந்ததாக மகள் சொல்கிறார். வழுக்கி விழுந்தவர் முதுகில் கோடு விழாது, ஐயா."

மருமகன் ஆரோக்கியத்தை அடிப்பதைப் பற்றி இன்று ஆறு முறை நினைத்தேன். எண்ணிப் பார்த்த பிறகே எழுதுகிறேன். ஆறு முறையும் முகத்தில் இல்லை. முழங்காலுக்கு மேலே, தொடை எலும்பில். முறிய நேரம் எடுக்கும் இடம்.

4-10-78, புதன்.

மழை இல்லை. மூன்று மணிக்குப் பானட்டைத் திறந்தேன்.

முதல் வேலை: கார்புரேட்டர் முனையில் கேபிளைக் கழற்றுதல். கேபிள் இல்லாமலே கார்புரேட்டரின் கதவான த்ராட்டில் மூடாவிட்டால் குற்றம் இந்தப் பக்கம், மூடினால் கேபிளில். விரலால் திறந்து விட்டேன். மூடியது, ஆனால் முழுவதுமாக இல்லை. சோம்பேறி மாணவன் புத்தகத்தை மூடுவதைப் போல. கேபிளை உருவிப் பார்த்தேன். பெடல் பக்கம் இரண்டு இழைகள் அறுந்து, உறைக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தன. ஆக, குற்றம் இரு பக்கமும்.

பிறகுதான் த்ராட்டிலை இழுத்து மூடும் ஸ்பிரிங்கைப் பார்த்தேன். ஸ்பிரிங் இல்லை. மங்குக் கம்பி. பால் மரத்தில் மங்கு, பால் வடியும் கிண்ணம், தொங்குவதற்காகச் சுற்றிக் கட்டும் சுருள் கம்பி. ஒரு துண்டை வெட்டி மாட்டியிருந்தது.

ஈஸ்டர் விருந்துக்கு வந்தபோது ஆரோக்கியம் செய்த வேலை. பழைய ஸ்பிரிங் அறுந்திருந்தது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றான். "தோட்டத்துல இது இல்லாத வேலையே இல்ல, மாமா. வேலி, கதவு, சைக்கிள் எல்லாத்துக்கும் இதான். மரம் பெருக்கப் பெருக்க விட்டுக் குடுக்கும், அறுந்து போவாது."

எல்லோர் முன்னிலையிலும் அவனைப் பாராட்டினேன். கோழித் தொடையை அவன் தட்டில் நானே வைத்தேன்.

நான்காம் படிவத்திற்கு இயற்பியல் கற்பிக்கிறவன் நான். விட்டுக்கொடுப்பதற்கென்றே செய்த கம்பியைப் புகைக்குழாயின் சூட்டுக்கு மேலே கட்டி, அது இழுத்துப் பிடிக்கும் என்று ஆறு மாதம் நம்பினேன். அந்த ஆறு மாதமும் அவன் அவளை அடித்துக்கொண்டிருந்தான்.

இரவுச் சாப்பாட்டில் மனைவி மேரி: "ஏதோ கோவத்துல கை நீட்டிருப்பாரு. பேசி விட்டுட்டு வாங்க."

"கோபம் எனக்கும் இருக்கிறது, மேரி. நான் யார் கையையும் முறிக்கவில்லை."

சோற்றைப் பிசைந்துகொண்டே அவள் என்னைப் பார்த்த விதம். இதற்குள் ஏதோ கண்டுபிடித்துவிட்டவள் போல.

5-10-78, வியாழன்.

அரை நாள் பள்ளி. புழுக்கம். கம்பியை எடுத்துக்கொண்டு சவரியின் பட்டறைக்கு. சவரி என்னிடம் படித்தவன், தேர்வில் தோற்றவன், இந்த ஊரில் என் காரைத் தொட நான் அனுமதிக்கும் ஒரே ஆள். கம்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இதப் போட்டுக்கிட்டா சார் இம்புட்டு நாளா ஓட்டுனீங்க? ஒங்க மருமவன் ஒங்கள பால் மரம்னு நெனச்சிட்டாருலா."

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிக்காமல் இருந்திருந்தால் கேட்டிருப்பார்கள்.

புதுக் கேபிள், சரியான ஸ்பிரிங். "நானே மாட்டித் தர்றேன் சார், பத்து நிமிசம்." வேண்டாம் என்றேன். வீட்டிற்கு வந்து நானே மாட்டினேன். கேபிளில் ஒரு நூல் அளவு தளர்வு. திருகை மீண்டும் உள்ளே கொண்டுவந்து, எஞ்சின் தடுமாறும் இடம் வரை இறக்கி, கால் சுற்று ஏற்றி நிறுத்தினேன். பினாங்கு சாலையில் எட்டு மைல் போய்த் திரும்பினேன். பெடலை விட்டவுடன் அடங்குகிறது. சளி பிடித்த குழந்தையின் மூச்சு போல அல்ல. நன்கு வளர்ந்த மனிதன் உறங்குவதைப் போல.

கழற்றிய கேபிளையும் கம்பியையும் பிஸ்கட் டப்பாவில் போட்டேன். எதற்கென்று அப்போது தெரியாது. உண்மையாகவே தெரியாது, இங்கே பொய் எழுத வேண்டிய தேவை எனக்கில்லை.

6-10-78, வெள்ளி.

வெயில். ஒரு மணிக்குப் புறப்பாடு. பாடாங் செராய், கூலிம், கரங்கான். வழியெல்லாம் கார் குற்றமற்று ஓடியது.

கிராணி வீடு. ரீத்தா வாசற்படியில். கையில் மாவுக்கட்டு, பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. நான் வருவேன் என்று டிரெசர் சொல்லியிருக்கிறார். இளைத்திருக்கிறாள். "ஏறு," என்றேன். ஏறினாள். பெட்டி பின் இருக்கையில். இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியம்.

அவன் ஆபீசிலிருந்து வந்துவிட்டான். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. குடித்திருக்கவில்லை.

"மாமா, படிச்சவரு நீங்க. புருசன் பொண்டாட்டி விசயத்துல வரலாமா?"

"வழியை விடு."

அவன் அவள் பக்கம் போனான். சன்னல் வழியாகக் கை விட்டு, முறிந்த கையையே பிடித்து இழுத்தான். மாவுக்கட்டு சன்னல் விளிம்பில் மோதியது. ரீத்தா சத்தம் போடவில்லை. சத்தம் போடாமலிருக்கப் பழகியிருக்கிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் ஏறி எஞ்சினைக் கிளப்பினேன். அவன் கையை விட்டுவிட்டு முன்னால் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் வீட்டின் சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி, நான்கடி தள்ளி. பானட்டின் மேல் உள்ளங்கையால் இரண்டு தட்டு.

"ஏத்துங்க பாப்போம். பாடம் நடத்துற வாத்தியாரு. ஏத்துங்க."

தொழிலாளர் லயத்துப் பெண்கள் வேலியோரம். யாரோ: "கிராணி, தள்ளி நில்லுங்கய்யா, சார் காடி எகிறும்." என் காரின் அலறல் அந்தத் தோட்டம் முழுவதும் அறிந்தது; ஆறு மாதமாக நான் வருவதை அதை வைத்தே அறிவார்கள்.

எழுதிவிடுகிறேன். கேபிள் சிக்கவில்லை. ஸ்பிரிங் தளரவில்லை. எஞ்சின் மெதுவாகவும் சீராகவும் ஓடிக்கொண்டிருந்தது. முதல் கியர் போட்டேன். அவன் கண்ணைப் பார்த்தேன். பெடலை மிதித்தேன். கிளச்சை விட்டேன்.

தொட்டிக்கும் பம்பருக்கும் நடுவில் இடது தொடை. எலும்பின் ஓசை எஞ்சினை மீறிக் கேட்டது. அவன் பானட்டின் மேல் குப்புற விழுந்தான். பேனாவின் மை வெள்ளைச் சட்டையில் பரவியது. இரத்தம் என்று ஒரு கணம் மகிழ்ந்தேன். அதன்பின் உண்மையான இரத்தம் கீழே, காற்சட்டையில். ரிவர்ஸ் எடுத்தேன். சரிந்தான். இன்னொரு முறை முதல் கியர் போடக் கை போனது. போனதை ரீத்தா பார்த்தாள்.

வேலியிலிருந்து பெண்கள்: "அய்யோ, எகிறிருச்சு, காடி எகிறிருச்சு." அந்தச் சொல்லை நான் தேடவில்லை. அவர்களே கையில் கொடுத்தார்கள்.

தோட்டத்து லாரி அவனைக் கூலிம் மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. நான் ரீத்தாவுடன் வீடு வந்தேன். எனக்குப் பசித்தது. நன்றாகச் சாப்பிட்டேன்.

7-10-78, சனி.

பள்ளிக்கு விடுப்பு. ஏழு மணிக்குப் புதுக் கேபிளையும் ஸ்பிரிங்கையும் கழற்றி, பழையவற்றை மாட்டினேன். திருகைப் பழைய நிலைக்குத் தளர்த்தினேன். இருபது நிமிட வேலை. ஓடவிட்டேன். சூடேறியதும் அலறியது.

பத்து மணிக்குப் போலீஸ் கார்ப்பரல். மரியாதையானவர். எஞ்சினைக் கிளப்பச் சொன்னார், காதைப் பொத்திக்கொண்டார், மங்குக் கம்பியைப் பார்த்துச் சிரித்தார். யார் போட்டது என்று கேட்டார். "அடிபட்டவரே," என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். "கெரேத்தா துவா, சிக்கு," என்றார் மலாயில், பழைய கார்தானே ஆசிரியரே என்று எனக்கு ஆறுதல் சொல்வது போல.

மாலையில் சவரி வந்தான். கூப்பிடாமலே. பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாக மூடினான்.

"வியாழக்கெழம நான் குடுத்த ஸ்பிரிங்கு?"

"டப்பாவில் இருக்கிறது."

"மாட்டலையா?"

பானட்டின் மேலிருந்த விரல் தடத்தைத் துடைத்தேன்.

"போலீசு மாத்தா என்கிட்ட வந்தா, வித்தேன்னு சொல்லுவேன். மாட்டுனாரான்னு எனக்குத் தெரியாது." வாசல் வரை போய்த் திரும்பினான். "சார் எங்கள ரோத்தானால அடிப்பீங்க. நான் வாங்கிருக்கேன். அப்பக்கூட ஒங்க மொகம் இப்பிடி இருக்காது."

9-10-78, திங்கள்.

தூறல். செய்தி: தொடை எலும்பு இரண்டு இடத்தில். மூன்று மாதம் படுக்கை. பிறகும் விந்திதான் நடப்பான். நாள் முழுவதும் இதை வாயில் கற்கண்டைப் போல வைத்திருந்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் ரீத்தா தட்டை நகர்த்தினாள்.

"அப்பா. வெள்ளிக்கெழம நீங்க வந்தப்போ காடிச் சத்தமே கேக்கல. காடி வாசல்ல வந்து நின்ன பெறவுதான் பாத்தேன்."

"ஆமாம்."

"நல்லாத்தானே இருந்துச்சு."

"நன்றாகத்தான் இருந்தது."

மேரி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். கார்ப்பரலிடம் பொய் சொன்னவன் மகளிடம் சொல்லவில்லை. அவள் மகிழ்வாள் என்று எதிர்பார்த்தேன் போலும்.

10-10-78, செவ்வாய்.

இன்றும் பள்ளிக்கு விடுப்பு. காலை எட்டு மணி. ரீத்தா தகரப் பெட்டியில் துணி வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கே?"

"வீட்டுக்கு. தோட்டத்துக்கு."

"அவனுக்குக் கஞ்சி ஊற்றவா?"

"ஆஸ்பத்திரியில ஊத்துவாங்க. மூணு மாசம் அந்த வீட்ல நான் மட்டும். அதுக்குள்ள என்ன செய்றதுன்னு யோசிக்கிறேன்."

இங்கேயே யோசிக்கலாம் என்றேன். இது உன் வீடு என்றேன். நான் செய்தது உனக்காக என்றேன். என் குரல் உயர்ந்ததை நானே கேட்டேன். அவள் ஒரு அடி பின்னால் போனாள். நல்ல கை முகத்துக்கு முன்னால் எழுந்தது. நான் கையை அசைக்கக்கூட இல்லை.

"என்னயும் உள்ள ஒக்கார வச்சிக்கிட்டுத்தானே ஏத்துனீங்க," என்றாள். "ரெண்டாவது தடவ கியர் போடப் போனீங்க. நான் ஒங்க மொகத்தப் பாத்தேன், அப்பா. அவரு மொகம் எனக்குத் தெரியும். அதே மொகம்."

கூலிம் பஸ் நிறுத்தம் வரை காரில் விடுகிறேன் என்றேன். நடந்து போனாள். பெட்டியையாவது தூக்குகிறேன் என்று பத்தடி பின்னாலேயே போனேன். கடைக்காரர்கள் பார்த்தார்கள். பஸ் பத்து மணி ஐந்துக்கு வந்தது. பெட்டியை ஒற்றைக் கையாலேயே படியில் ஏற்றி, என் பக்கம் இல்லாத சன்னலோரமாகப் போய் உட்கார்ந்தாள்.