அணைத்த பிறகும் இரைச்சல்

ஐப்பசி 14, செவ்வாய் இரவு

நானே செய்த ரேடியோ ஏரியல் கம்பியைத் தூக்கிக்கொண்டு திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போனேன். வீட்டு ஸ்டீரியோவுக்கு ரேடியோ பிடிக்கும் பெட்டி, நல்ல எஃப்எம் ட்யூனர் ஒன்று வாங்க வேண்டும். இரண்டு பாட்டுக்கு நடுவே வரும் அமைதியை வைத்துத்தான் நான் தரம் பார்ப்பேன். கடையில் மூன்று ட்யூனரிலும் இரைச்சல்.

"குப்பையா வாங்கி வச்சிக்கினு இருக்கியே" என்றேன்.

"இன்னொரு தடவ கண்ண மூடிக் கேளுங்க பெரியவரே" என்றார் கடைக்காரர். பாட்டு முடிந்தது. "இப்பவும் இரையுதாங்க?"

"இரையுது."

"பிளக்கப் புடுங்கிட்டேங்க."

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். "உன் கடை வயரிங் சரியில்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். ஃபேன்கூட ஓடவில்லை. இரைச்சல் நிற்கவில்லை. போன வருஷம் இதே இரைச்சலுக்காக இரண்டு ட்யூனர்களைச் சண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டும் நல்ல ட்யூனர்கள்.