வகுப்பு நடுவே நீலத் திரை

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் செத்தது. வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு "இது பரீட்சைக்குக் கண்டிப்பா வரும்" என்றார். அவ்வளவுதான். லேப்டாப் திரை நீலமாகி, தானே அணைந்து, தானே எழுந்தது. எழுந்து வருவதற்குள் வகுப்பு எங்கேயோ போய்விட்டது.

சாயங்காலம் நாத்தனார் போனில், "அப்படி என்ன அண்ணி வேலை அது, லேப்டாப் படுத்தா நீங்களும் படுத்துக்கிறீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். காது கேளாத ஒரு பெண் கல்லூரியில் வேதியியல் படிக்கிறாள். அவள் வகுப்பை நான் வீட்டிலிருந்தே ஹெட்போனில் கேட்டு, வாத்தியார் பேசப் பேச அடிக்கிறேன். நான் அடிப்பது அவள் மேஜையில் இருக்கும் திரையில் ஓடும். இங்கே லேப்டாப் செத்தால் அங்கே அவளுக்கு வகுப்பே இல்லை. சுற்றிலும் எல்லாரும் எழுதிக்கொண்டிருக்க, அவள் மட்டும் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு... நாத்தனார் அப்புறம் கேலி செய்யவில்லை.

மார்ச் 4, புதன்

தம்பிக்குப் போன் போட்டேன். எங்கள் குடும்பத்தில் எது பழுதானாலும் அவன்தான் டாக்டர். "போன மாசம் அப்டேட் வந்துச்சே, அதுலேருந்துதானேக்கா? எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடு" என்றான். அவன் சொல்லச் சொல்ல அழித்தேன், போட்டேன். பிறகு சோதனைக்குப் பாட்டு ஓட விட்டேன். நிற்காமல் பாடியது. அப்பாடா.

மார்ச் 5, வியாழன்

அப்பாடாவாம்! ஒரே வகுப்பில் இரண்டு தடவை.

மார்ச் 6, வெள்ளி

அலுவலக மேற்பார்வை அம்மா கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். "அந்தப் பொண்ணோட படிப்பும்மா இது. அடுத்த வெள்ளிக்குள்ள சரியாகலேன்னா வேற ஆளைத்தான் போடணும். எனக்கும் வேற வழி இல்ல." நியாயம்தானே? அவர்மேல் கோபப்பட முடியவில்லை. டூட்டி முடிந்து வந்த வீட்டுக்காரர்தான் கையில் கிடைத்தார்.

"யாரு பார்த்தா? உன் தம்பியா? அப்போ விளங்கின மாதிரிதான்" என்றார் அவர். பஸ் ஓட்டுகிறவருக்கு வீட்டிலும் ஹாரன் அடிக்காமல் இருக்க முடியாது. குழாயைச் சரிசெய்கிறேன் என்று தம்பி ஒருநாள் சமையலறையைக் குளமாக்கினதை இன்னும் எத்தனை வருஷம் சொல்வாரோ. அவன் நல்ல மனசு எனக்குத் தெரியும். அதையும் இதையும் சொல்லிச் சண்டை போட்டேன்.

மார்ச் 7, சனி

இருவருமாக ரிப்பேர் கடைக்குப் போனோம். கடைக்காரர் திருகாணியைக் கழற்றிக்கொண்டே, "உள்ள புதுசா ஏதாவது மாட்டினீங்களா?" என்று கேட்டார்.

மாட்டியிருந்தது. போன மாதம் தம்பி வந்தபோது, தன் பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்த ரேமை இதில் சொருகிவிட்டுப் போனான். விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் பலகை. "இனிமே பறக்கும்க்கா." வீட்டுக்காரரிடம் நான் மூச்சு விடவில்லை. இப்போது அவர் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். என் வாய், "இல்லையே" என்றது.

கடைக்காரரும் மேற்கொண்டு கேட்கவில்லை. விசிறியைத் திறந்து பந்து பந்தாகத் தூசி எடுத்தார். "இதுல ஒரு தலையணையே தைக்கலாம் போலிருக்கே" என்று வீட்டுக்காரருக்கு ஒரே குஷி. சூட்டில்தான் நின்றிருக்கும், இனி நிற்காது என்றார் கடைக்காரர். நானும் நம்பினேன். நம்ப ஆசையாக இருந்தது.

மார்ச் 9, திங்கள்

செத்தது.

வகுப்பு முடிந்து அந்தப் பெண் எழுதியிருந்தாள்: "மேடம், இன்னிக்குப் பக்கத்துல இருக்கறவ நோட்டைப் பார்த்து எழுதினேன். கோழி கிளறின மாதிரி கையெழுத்து. பாதி புரியல. உங்களை மாத்தப் போறாங்களா?" சிரிப்பு வந்தது. கடைசி வரியைப் படித்ததும் அழுகை வந்துவிட்டது. என்ன பதில் போடுவது?

மார்ச் 10, செவ்வாய்

ஏன் வகுப்பில் மட்டும்? பாட்டு நாள் முழுக்கப் பாடுகிறது. வகுப்பில்தான் எல்லாம் சேர்ந்து திறந்திருக்கும் — வீடியோ, ஒலி, தட்டச்சு, வேதியியல் சொற்பட்டியல். எல்லாம் போய் உட்காரும் இடம் அந்த ரேம். கொஞ்சமாக நிரம்பினால் ஒன்றும் இல்லை. நிறைய நிரம்பினால் —

சே, இருக்காது. தம்பி எனக்காக எடுத்து வந்து கொடுத்ததாயிற்றே.

சரி, நான் யாரைக் காப்பாற்றுகிறேன்? தம்பியையா? இல்லை, இவரிடம் தோற்கக் கூடாது என்கிற என் வீம்பையா?

மார்ச் 11, புதன்

அவர் டூட்டிக்குப் போனதும் மூக்குக்கண்ணாடிக்குத் திருகுகிற சின்ன ஸ்க்ரூ டிரைவரால் அடிமூடியைத் திறந்தேன். தம்பி போட்டதைக் கழற்றிவிட்டு, இருப்பதையெல்லாம் ஒன்றாகத் திறந்து வைத்தேன். ஆமை மாதிரி நகர்ந்தது, ஆனால் நிற்கவில்லை. மறுபடி சொருகினேன். டீயில் சர்க்கரை கரைவதற்குள் நீலம். மறுபடி கழற்றினேன். வகுப்பு முழுதும் ஓடியது! அடப்பாவி தம்பி!

போனில் சொன்னதும் அவன் இழுத்தான். "அக்கா... என் பழைய லேப்டாப்பும் இப்படித்தான் நின்னு நின்னு போச்சு. மெஷினே செத்துப்போச்சுன்னு பழைய சாமான்காரர்கிட்ட போட்டுட்டேன். இது ஒண்ணுதான் உள்ள நல்லா இருக்குன்னு உனக்கு எடுத்து வச்சேன்."

நல்ல மெஷினைத் தூக்கிப் போட்டுவிட்டு நோயை மட்டும் பத்திரப்படுத்திக் கொடுத்திருக்கிறான். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவனும் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாமாகிட்ட சொல்லிடாதேக்கா" என்றான்.

மார்ச் 12, வியாழன்

சொல்லிவிட்டேன். கடையில் சொன்ன பொய்யையும் சேர்த்து.

"அங்கேயே சொல்லியிருந்தா அந்தப் பொண்ணுக்கு ரெண்டு வகுப்பாவது மிஞ்சியிருக்குமே" என்றார். சுருக்கென்றது.

"சொல்லியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

யோசித்தார். "ம்... விட்டிருக்க மாட்டேன்தான்." பிறகு அவரே தம்பிக்குப் போன் போட்டார். எனக்குத் திக்கென்றது. "மச்சான், ஞாயித்துக்கிழமை சாப்பிட வா. நம்ம டிவியில படம் குதிக்குது, ஒரு பார்வை பாரு. ஆனா கையில எதையும் கொண்டு வந்துடாதப்பா, சாமி."

மார்ச் 13, வெள்ளி

மேற்பார்வை அம்மா காலையிலேயே கூப்பிட்டார். "ரெண்டு நாளா ஒரு வரி விடலையே. இனியும் நீங்களே பாருங்கம்மா." நிம்மதியாக மூச்சு விட்டேன்.

இன்று அமிலங்கள். லேப்டாப் முனகிக்கொண்டே ஓடியது. நடுவில் வாத்தியார், போன வருஷத்து மாணவன் ஒருவன் அமிலம் கொட்டிய பெஞ்சில் உட்கார்ந்து பேன்ட்டில் ஓட்டை போட்டுக்கொண்ட கதையைச் சொன்னார். "பிரின்சிபால் வந்தாரு. எல்லாரும் எழுந்து நின்னாங்க. அவன் மட்டும் உட்கார்ந்தே வணக்கம் சொன்னான்!" வகுப்பு கொல்லென்று சிரித்தது. நான் விடாமல் அடித்தேன் — உட்கார்ந்தே வணக்கம் சொன்னான், எல்லாரும் சிரிக்கிறார்கள்.

சிரிப்பு ஓய்ந்தது. வாத்தியார் அடுத்த சமன்பாட்டை ஆரம்பித்தார். அப்போது ஒரு சிரிப்பு, தனியாக, பலமாக, தாமதமாக வந்தது. இத்தனை மாதத்தில் அந்தப் பெண்ணின் குரலை நான் கேட்டதே இல்லை. அதைக் கேட்டு வகுப்பு மறுபடி சிரித்தது, வாத்தியாரும் சிரித்தார். நான் அடிக்க மறந்து உட்கார்ந்திருந்தேன்.