நடுவில் வைத்த விலாங்கு

அக்கா,

இன்று எங்கள் கல்லூரியில் செய்முறைத் தேர்வு. மேசை நெடுக எண் ஒட்டிய கண்ணாடிக் குடுவைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மீன், ஃபார்மலினில் வெளுத்துப்போய் நிற்கும். மாணவிகள் வரிசையாக நகர்ந்து அதன் பெயர், அடையாளம், வாழிடம் மூன்றையும் எழுத வேண்டும். இருபது வருடத்துக்கு மேலாக இந்த நெடியில்தான் நிற்கிறேன். என் புடவையில் இதை மோந்துவிட்டு, "இன்னாடி இது, செத்த மீனுக்கு சென்ட் அடிச்ச மாரி!" என்று மூக்கைச் சுளிப்பாய். நாள் முழுக்க மீன் அறுத்த கையோடு நின்றுகொண்டு அதைச் சொல்வாய்.

ஏழாம் எண் குடுவையில் விலாங்கு. வாழிடம் என்ற இடத்தில் பெரும்பாலோர் 'நன்னீர்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். பாதி மதிப்பெண் போட்டுக்கொண்டே வந்தேன். ஒருத்தி 'கடல், ஆறு இரண்டும்' என்று எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டு வட்டமிட்டேன். அதற்குப் பிறகு பேனா நகரவில்லை.

இதே விடைக்கு உனக்குப் பத்தொன்பது நாள் பிழை போட்டவள் நான்.

போனவர்களுக்குக் கடிதம் போய்ச் சேரும் என்று நம்புகிறவள் இல்லை நான். உனக்கே தெரியும், கோயிலுக்கு வந்தால்கூட செருப்புக்குக் காவல் நிற்கிறேன் என்று வெளியில் நின்றுகொள்பவள். ஆனாலும் எழுதுகிறேன். நடந்ததெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். என் பக்கத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று மட்டும் உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

படவேட்டுப் பக்கத்துக் கரும்பு வயலிலிருந்து உன்னைக் கட்டிக்கொடுத்து மலைக்கு அனுப்பியபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். மாமா ஜமுனாமரத்தூரில் மளிகைக் கடை வைத்திருந்தார். நீ பக்கத்திலேயே மீன் கடை போட்டாய். மலை மேல் யார் மீன் வாங்குவார்கள் என்று நம் வீட்டில் சிரித்தார்கள். நீ இரண்டு பெட்டி வைத்தாய். புதுச்சேரியிலிருந்து வருகிற கடல் மீனுக்கு ஐஸ் நிரப்பிய பெட்டி ஒன்று. செங்கம் வழியாக வருகிற சாத்தனூர் அணை மீனுக்கு ஈரச் சாக்கு விரித்த பெட்டி ஒன்று. நடுவில் ஒரு பலகை, அதன் மேல் தராசு. சந்தை நாளில் சாமையும் புளியும் கொண்டுவருகிறவர்கள் திரும்பிப் போகும்போது உன் கடையில் நின்றுவிட்டுத்தான் போவார்கள்.

நான் விலங்கியல் முதுகலை முடித்துவிட்டு உன் வீட்டுக்கு வந்திருந்த சமயம். அன்று சந்தை. நீ பலகையின் மேல் மூன்று துண்டுகளை வரிசையாக வைத்தாய். தலையும் வாலும் இல்லாத வெறும் துண்டுகள்.

"இன்னாடி ப்ரொபசர், சொல்லு பாக்கலாம். எது இன்னா மீனு?"

நான் அப்போது பேராசிரியரும் இல்லை, ஒன்றும் இல்லை. துடுப்பு முள் எண்ண வேண்டும், செதில் பார்க்க வேண்டும், வாயின் அமைப்பைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"தலையும் துடுப்பும் இருந்தா அந்த ஆடே சொல்லும்டி" என்று கடைக்கு எதிரில் நின்ற ஆட்டைக் காட்டினாய்.

மீன் வாங்க நின்ற ஒரு மலைக்கார அம்மா, "வுடு தாயி, படிச்ச பொண்ணு, அழுதுடப் போவுது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நீ விரலால் ஒவ்வொரு துண்டையும் ஒரு முறை அமுக்கினாய். "இது வஞ்சிரம். இது சீலா, வஞ்சிரம்னு சொல்லி ஏமாத்துவானுங்க. இது பாறை." அவ்வளவுதான். நான் எந்த ஆதாரத்தில் சொல்கிறாய் என்று கேட்டேன். "ஆதாரமா? கொழம்பு வெச்சிப் பாரு, அதான் ஆதாரம்" என்றாய். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. சரியாகச் சொன்னாய் என்பது வேறு, எப்படி என்று விளக்க முடியாதது வேறு என்று அன்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இப்படி நான் எனக்குள் சொல்லிக்கொண்ட பல விஷயங்களை நீ கேட்காமல் போனது நல்லது.

விலாங்கைப் பற்றிப் பேசியது அதற்குச் சில வருடம் கழித்து. நல்ல மழை முடிந்திருந்தது. ஓடையில் பிடித்தது என்று ஒருவர் கோணிப்பைக்குள் போட்டுக் கொண்டுவந்தார். அவிழ்த்ததும் அது பலகையிலிருந்து வழுக்கி மாமாவின் காலடிக்கு ஓட, அவர் அரிசி மூட்டை மேல் ஏறி நின்றுகொண்டார். "பாம்பு இல்லய்யா, எறங்கு" என்று நீ சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்களும் வந்துவிட்டார்கள். அதைப் பிடித்து வாளியில் போட்ட பிறகு என்னிடம் கேட்டாய்.

"ஏண்டி, இத எந்தப் பொட்டியில போடறது? புதுச்சேரி வண்டியிலயும் எப்பனா ஒண்ணு வருது. நம்ம ஓடையிலயும் கெடைக்குது. இதுக்கு எந்த ஊரு?"

நான் சொன்னேன். இது கடலில் பிறக்கிறது, குஞ்சாக ஆற்று முகத்துவாரத்துக்கு வந்து, தண்ணீரை எதிர்த்து மேலே மேலே ஏறி, இப்படி மலை ஓடை வரைக்கும் வந்து வளரும், வயதானதும் முட்டையிட மறுபடி கடலுக்கே போய் அங்கேயே செத்துப்போகும் என்று.

"கடல்லேர்ந்து இங்க வரைக்குமா? பஸ்ஸே ஒழுங்கா ஏற மாட்டேங்குது!" என்றாய். வாளிக்குள் எட்டிப் பார்த்தாய். "எல்லாம் திரும்பிப் போய்டுமா?"

"போகணும்னுதான் பாக்கும். வழி இருந்தா போகும்."

"நான் போவ மாட்டம்பா. ஏறனது ஏறனதுதான்" என்றாய். வாளியை எந்தப் பெட்டியோடும் சேர்க்காமல் நடுப்பலகையில், தராசுக்குப் பக்கத்தில் வைத்தாய்.

இதெல்லாம் எனக்கு இன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. வார்த்தைக்கு வார்த்தை. வர வேண்டிய நாளில் வரவில்லை.

பக்கவாதம் வந்து உன் வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. 'அதான்' என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. தண்ணீர் வேண்டுமென்றாலும் அதான், மாமா தலை வாரிவிட்டால் வலிக்கிறது என்றாலும் அதான். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த இளம்பெண், பேச்சு போனது வேறு, புரிதல் போனது வேறு, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றாள். நோயாளிக்குப் பழக்கமான பொருள்களின் படங்களைக் கொடுத்து வகை பிரிக்கச் சொல்லுங்கள், தினமும் குறித்துவையுங்கள் என்றாள். மாமா, "அதெல்லாம் வேணாம்மா, அவளுக்கு எல்லாம் புரியுது, கண்ணப் பாத்தா தெரியுதே" என்றார். எல்லா வீட்டிலும் இதைத்தான் சொல்வார்கள் என்று நினைத்தேன். கண்ணைப் பார்த்து எதுவும் தெரியாது என்பது என் கட்சி.

கோடை விடுமுறைக்கு மலைக்கு வந்தேன். பன்னிரண்டு மீன் படங்களை அச்செடுத்து லேமினேட் செய்து கொண்டுவந்தேன். ஆறு கடல் மீன்: வஞ்சிரம், சங்கரா, வவ்வால், மத்தி, பாறை, நெத்திலி. ஆறு நன்னீர் மீன்: கட்லா, ரோகு, விரால், கெளுத்தி, ஜிலேபி, விலாங்கு. கடலுக்கு நீல பிளாஸ்டிக் தட்டு, நன்னீருக்கு எவர்சில்வர் தட்டு. பன்னிரண்டும் மூன்று நாள் தொடர்ந்து சரியாக வந்தால் அடுத்த படிக்குப் போகலாம் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள்.

முதல் நாளே நீ இடது கையால் மளமளவென்று பிரித்தாய். விலாங்கு வந்ததும் நின்றாய். என் முகத்தைப் பார்த்தாய். இரண்டு தட்டுக்கும் நடுவில், தரையில் வைத்தாய்.

"தட்டுல வைக்கணும்க்கா. ரெண்டுல ஒண்ணு" என்று எடுத்து எவர்சில்வர் தட்டில் வைத்தேன். நீ அதை எடுத்து மறுபடி நடுவில் வைத்தாய். "அதான்" என்றாய்.

மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ நான் உன் கையைப் பிடித்து தட்டுக்குக் கொண்டுபோனேன். நீ கையை உதறிக்கொண்டு அட்டையை நடுவில் வைத்து, அதன் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டாய். "அதான்! அதான்!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாய், அக்கா. ஒரு பக்கம் கோணிய வாயால் சிரித்தாய். சந்தையில் மூன்று துண்டுகளை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாயே, அதே சிரிப்பு. நான் நோட்டில் எழுதினேன்: 'பன்னிரண்டில் பதினொன்று. அதே பிழை. காரணமில்லாத சிரிப்பு. பிடிவாதம்.' மூளையில் அடிபட்டவர்கள் ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள் என்று படித்திருந்தேன். படித்தது கண் முன்னால் நடப்பதைப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

விலாங்கின் வாழ்க்கையை வருடா வருடம் வகுப்பில் நடத்துகிறவள் நான். தெரியாமல் செய்த தவறு என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. உனக்குத் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. உன்னிடம் பழுதை மட்டும் தேடிக்கொண்டிருந்தேன்.

பத்தொன்பதாம் நாள். கல்லூரி திறக்க இரண்டு நாள் இருந்தது. உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மாமாவிடம் பேசினேன். பயிற்சியால் பலன் இல்லை, நிறுத்திவிடலாம், செங்கத்தில் என் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன், ஆஸ்பத்திரி பக்கம், பார்த்துக்கொள்ள ஆள் போட்டுக்கொள்ளலாம் என்றேன்.

மாமா உன்னைப் பார்த்தார். "அவள ஒரு வார்த்த கேட்டுடலாமாம்மா? இந்த வூட்ட வுட்டு எங்கயும் தங்குனதில்ல."

"எதைக் கேக்கறது மாமா? அவளுக்கு எங்க இருந்தாலும் ஒண்ணுதான். புரியாதுங்க. பத்தொன்பது நாளா பாத்துட்டேன்."

உன் எதிரில்தான் சொன்னேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த நீ திரும்பி என்னைப் பார்த்தாய். அப்போது மட்டும் 'அதான்' என்றுகூடச் சொல்லவில்லை.

"நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் மாமா.

காரில் ஏற்ற உன்னைத் தூக்கிவந்தபோது கடையின் மரத்தூணை இடது கையால் பிடித்துக்கொண்டாய். மாமா தடுமாறினார். "பாரும்மா, புடிச்சிக்கினு வுட மாட்டேங்கறா" என்று அழுதார். அதற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. "அது தானாப் பிடிக்கிறது மாமா, மூளை பாதிச்சா கை அப்படித்தான் பிடிச்சுக்கும், அவளுக்கே தெரியாது" என்றேன். அவர் உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நான் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

என் வீட்டில் பத்து வாரம் இருந்தாய். நான் காலையில் கிளம்பினால் சாயங்காலம்தான் வருவேன். மாமா வாரம் ஒரு முறை பஸ் பிடித்து வருவார். அவர் வரும் நாளில் மட்டும் நன்றாகச் சாப்பிடுவாய், அதையும் நான் தற்செயல் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பிறகு பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது, நீ போய்விட்டாய். மலைக்கு உன்னைத் திரும்பக் கொண்டுபோனது ஆம்புலன்ஸில்.

இன்று சாயங்காலம் பழைய நோட்டை எடுத்தேன். சிவப்புப் பேனாவால் பத்தொன்பது பக்கத்திலும் பதினொன்றை அடித்துப் பன்னிரண்டு என்று எழுதினேன். எழுதி முடித்ததும் மாமா போனில் வந்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். அங்கே மழையாம். குரல் ஒரு மாதிரி இருக்கிறதே என்றவர், உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஊகித்துவிட்டு, "வுடும்மா. நீ பாத்து சரியாத்தான் செஞ்ச" என்றார். ஒவ்வொரு முறையும் அதைத்தான் சொல்கிறார். அந்த ஒரு நம்பிக்கையில்தான் தனியாகக் கடை திறக்கிறார். அதை எப்படி அவரிடமிருந்து பிடுங்குவது? பிடுங்காமல் எப்படி அதைக் கேட்டுக்கொண்டே இருப்பது? "சரிங்க மாமா" என்று மட்டும் சொன்னேன்.

மீன்களை வகை பிரித்தாய். பெயர் சொல்ல முடியாமலே ஒவ்வொன்றும் எங்கே சேர்ந்தது என்று காட்டினாய். அப்படியானால் எங்கே இருக்க வேண்டும் என்று உன்னையே கேட்டிருக்கலாம், அக்கா. ஒரு நிமிட வேலை. இரண்டு தட்டுகளும் அங்கேயேதான் இருந்தன. நீலத் தட்டில் என் வீட்டுப் படம், எவர்சில்வர் தட்டில் உன் வீட்டுப் படம். உன் படத்தை உன் இடது கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருந்தால் போதும்.

ஆஸ்பத்திரி அட்டைக்காக எடுத்த உன் பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்று என் கைப்பையில் இருக்கிறது. வாய் கோணாத பக்கத்தைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாய். விலாங்கு அட்டையை அதோடு சேர்த்து வைத்திருக்கிறேன். நீ உள்ளங்கையை அழுத்தி அழுத்தி வைத்ததில் அதன் ஒரு மூலை மடங்கிப் போயிருக்கிறது. நிமிர்த்திப் பார்த்தேன். மறுபடி மடங்கிக்கொள்கிறது.