அண்ணத்தில் தூவிய பவுடர்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே இருவரும் நடமாடிக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருந்தால் போதும். உன் கடிதம் கிடைத்தது. இரண்டு மாதமாக அப்பா போனுக்கு வருவதில்லை, தூர ஊருக்கு வேலைக்குப் போய்விட்டேன் என்று இன்னும் கோபமா, போன வாரம் எடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை, பேச இஷ்டம் இல்லாவிட்டால் வைத்துவிடுங்கள் என்றேன், வைத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். கோபமெல்லாம் ஒன்றுமில்லை. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், அதை இப்போது மீறுகிறேன்.

அப்பாவுக்கு மேல்வரிசையில் மிச்சமிருந்த ஐந்து பல்லையும் டாக்டர் எடுத்துவிட்டார். பல் செட்டை நம் பட்டறையில் நான்தான் செய்தேன். ஊராருக்குச் செய்யும்போது அண்ணத்தை மூடும் தகட்டை இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விடமாட்டேன். உன் அப்பா கையில் எது தங்குகிறது, வாரத்துக்கு ஒரு கண்ணாடி டம்ளர் போகிறது, இதையும் போட்டு உடைப்பாரே என்று நாலு மில்லிமீட்டர் வைத்துவிட்டேன். அக்கறையில் செய்த முட்டாள்தனம். முதல் நாள் வாசலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் சௌக்கியமா என்று கேட்டார், சொல் குழறி வந்தது, அந்த ஆள் சிரித்துத் தொலைத்தார். இருபத்தெட்டு வருஷம் பேருந்து நிலையத்தில் மைக் பிடித்த மனிதர், அன்றோடு வாயை மூடிக்கொண்டார். என்னிடமும் தலையாட்டல்தான். நீ போன் செய்த அன்று பேச வேண்டும் என்றுதான் எடுத்திருக்கிறார், உன் குரலைக் கேட்டதும் தைரியம் போய்விட்டது.

போன திங்கட்கிழமை பிடிவாதமாக உட்காரவைத்து, தகட்டில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி மாட்டிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்லிக் கழற்றிப் பார்த்தேன். நாக்கு தொட்ட இடத்தில் பவுடர் போய்விடும், தொடாத இடத்தில் அப்படியே இருக்கும். ப, ம இரண்டும் உதட்டு வேலை, பவுடர் கலையவே இல்லை. க சொல்ல நாக்கின் பின்பக்கம் தகடு முடிகிற இடத்துக்கும் பின்னால் போய் முட்டுகிறது, அதிலும் குறையில்லை. த பல்லோடு நின்றுவிடுகிறது. ல, ற, ன எல்லாம் பல்லுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில், ட அதற்கும் பின்னால். பள்ளியில் வல்லினம் மெல்லினம் என்று ஒப்பித்தது இப்போதுதான் எனக்குப் புரிந்தது. இடம் ஒன்றாக இருந்தாலும் காற்றை என்ன செய்கிறோம் என்பது வேறு. ப-வுக்கு அடைத்து விடுகிறோம், ம-வுக்கு அடைத்துக்கொண்டே மூக்கு வழியாக அனுப்புகிறோம், ல-வுக்கு நாக்கின் ஓரங்களில் வழிகிறது. ச-வுக்கு மட்டும் அடைக்கவே கூடாது, நடுவில் சின்ன சந்து விட்டு அதில் காற்று சீறிப் போக வேண்டும், அந்தச் சந்தில் பவுடர் கோடாக நிற்க வேண்டும். அப்பா சொன்னதும் கழற்றினால் தகடு துடைத்து விட்டாற்போல் இருந்தது. என் தடிமனான தகட்டில் நாக்குக்கு ஒதுங்க இடமே இல்லை. தப்பு முழுக்க என்னுடையது, அதை அவரிடமும் சொன்னேன், மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாக ராவி மெலிதாக்கினேன். வியாழக்கிழமை கோடு நின்றது. ல இன்னும் சில சமயம் வழுக்குகிறது, அது பழகப் பழகச் சரியாகும்.

சரியான பிறகும் போன் பக்கம் போகவில்லை, எனக்கு ஆத்திரமாக வந்தது. நேற்று மதியம் பட்டறைக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே பேச்சுச் சத்தம். யாரோ செட் வாங்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்பாதான், தனியாக. பேச இஷ்டம் இல்லாம இல்லம்மா, சரியா பேச வரலம்மா என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கதவைத் தட்டவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய், அப்பா எடுப்பார். எடுத்ததும் நீ எதுவும் பேசாதே, எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திரு, அவரை முதலில் பேச விடு.

உன் அம்மா